வராதவளைத் தேடும் கூட்டம்



பாடசாலையில் சாரணியராக இருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கயிற்றில் முடிச்சுப் போடப் பழகியது, முக்கோணத் துணியால் கைக்குக் கட்டுப் போட்டது, பாடசாலை மைதானத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறாக்கியது, விசில் சத்தம் கேட்டதும் ஓடிவந்து வரிசையில் நின்றது எல்லாம் இப்போதும் ஞாபகத்தில் இருக்கும். சாதாரண தரப் பரீட்சை முடிந்தது. சிலருக்கு உயர்தரமும் முடிந்தது. சீருடையை மடித்து அலுமாரியில் வைத்தீர்கள். பின்பு தங்கைமாரில் ஒருத்தி அதை எடுத்து உடுத்தியிருப்பாள். சரி, உங்களோடு ஒரே அணியில் நின்ற அந்த ஏழெட்டுப் பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

ஒருத்தி கல்யாணம் முடித்து வேறு ஊருக்குப் போயிருப்பாள். ஒருத்தி கணவருடன் கத்தாரில் இருப்பாள். மற்றவர்களோ அதே ஊரில், இரண்டு வீதி தள்ளித்தான் இருப்பார்கள். கல்யாண வீட்டில் கண்டால் ஸலாம் சொல்வீர்கள், பிள்ளைகளின் வயதைக் கேட்பீர்கள். மையித்து வீட்டில் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். அவ்வளவுதான். கிழக்கு மாகாணத்தில் பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான் வீடு கொடுக்கிறார்கள். ஆகவே அங்கே பெண் பிறந்த ஊரை விட்டுப் போவது குறைவு. அப்படியிருந்தும் பத்து வயதுத் தோழியின் வீட்டு வாசற்படியை மிதித்துப் பத்து வருடமாகியிருக்கும்.

ஆண்களுக்கு இந்தக் குறை அவ்வளவாக இல்லை. ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு சுபஹுக்கு வரவில்லை என்றால் “ஹாஜியாரைக் காணவில்லையே” என்று பக்கத்து ஸப்பில் நிற்பவர் கேட்பார். சந்தியில் தேநீர்க் கடை இருக்கிறது. பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள் சிறிதாக இருக்கும்வரை வேலை அவளை விடாது. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு தேசமாகப் போன பிறகு, அந்த வேலையும் போய்விடுகிறது.

இந்த மாதம் நாம் பேசப்போவது, இதற்கு ஒரு வழி கண்ட பெண்களைப் பற்றி. அவர்கள் நம் மார்க்கத்தவரல்லர், நம் நாட்டவருமல்லர். ஆனாலும் நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்வது நமக்குரிய வழிதானே.

மூவிலைச் சங்கம்

முதலில் சாரணியம் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். பேடன் பவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, ஆண் பிள்ளைகளுக்காகச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கினார். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பலஸ் மைதானத்தில் சாரணர்களின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. அழைப்பே இல்லாமல் சில பெண் பிள்ளைகளும் அங்கே வந்து நின்றார்கள். “நாங்களும் சாரணர்தான்” என்றார்கள். அடுத்த வருடமே அவர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. பேடன் பவலின் சகோதரி அக்னஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அந்தப் பிள்ளைகளுக்கு ‘கைட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் பேர்பெற்று விளங்கிய ‘கைட்ஸ்’ படைப்பிரிவின் பெயர்தான் அது.

நம் நாட்டுக்கும் சாரணியம் சீக்கிரமே வந்துவிட்டது. 1917இல் கண்டி மகளிர் உயர் பாடசாலையில் முதலாவது அணி தொடங்கியது. பின்பு படிப்படியாக எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். முஸ்லிம் மகளிர் பாடசாலைகளிலும் அணிகள் உண்டாயின.

பிரித்தானியாவில் முதற் சாரணியராக இருந்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், தாய்மாரானார்கள். பிள்ளைகளை நடத்தும் பொறுப்பை ஏற்க எல்லோருக்கும் நேரம் இருக்கவில்லை. ஆனாலும் விட்டுப் போகவும் மனமில்லை. அங்குமிங்குமாகப் பழைய சாரணியர் சிறு சிறு கூட்டங்களாகச் சந்தித்து வந்தார்கள். 1943இல், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், இவர்களுக்கென்று ஒரு சங்கம் முறையாக அமைக்கப்பட்டது. அதன் பெயர் ‘ட்ரெஃபொயில் கில்ட்’. ட்ரெஃபொயில் என்றால் மூன்று இலை. சாரணியர் நெஞ்சில் குத்தும் பதக்கத்தில் இருப்பது அந்த மூவிலைதான். சாரணியர் வாக்குறுதியின் மூன்று பகுதிகளை அது குறிக்கிறது: இறைவனுக்கும் நாட்டுக்குமான கடமை, பிறருக்கு உதவுதல், சாரணியர் சட்டத்துக்குக் கட்டுப்படுதல்.

சங்கத்தின் நோக்கமும் மூன்றுதான். சிறு வயதில் கொடுத்த அந்த வாக்குறுதியை அங்கத்தவர் தம் உள்ளத்தில் உயிரோடு வைத்திருப்பது ஒன்று. தாம் வாழும் ஊருக்கும் அதன் பயனைக் கொண்டு செல்வது இரண்டாவது. இப்போதைய சாரணியப் பிள்ளைகளுக்குத் துணை நிற்பது மூன்றாவது.

பத்து வருடம் கழித்து, 1953இல், சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் முன்னாள் சாரணர், சாரணியர் இரு சாராருக்குமான சர்வதேச அமைப்பும் உருவாயிற்று. இன்று துனீசியா, மொரோக்கோ, ஜோர்தான், குவைத் போன்ற முஸ்லிம் நாடுகளிலும் அதன் அங்கத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாதம் ஒரு நாள்

பெயரும் வரலாறும் இருக்கட்டும். ஊர் மட்டத்தில் இந்தச் சங்கம் எப்படி நடக்கிறது என்பதில்தான் நமக்குப் படிப்பினை இருக்கிறது.

ஒரு சிற்றூர் அல்லது நகரத்தின் ஒரு பகுதி. பதினைந்து, இருபது பெண்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம். ஆனால் பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். மாதத்தில் ஒரு நாள் கூடுகிறார்கள். அந்த நாள் மாறுவதில்லை. ‘இரண்டாவது செவ்வாய்’ என்றால் வருடம் முழுவதும் இரண்டாவது செவ்வாய்தான். ஊர் மண்டபத்திலோ, ஓர் அங்கத்தவரின் வீட்டு மண்டபத்திலோ கூடுவார்கள்.

வருடத் தொடக்கத்திலேயே சிறிய நிகழ்ச்சி அட்டை ஒன்று தயாராகிவிடும். இந்த மாதம் ஒரு தாதி வந்து எலும்புத் தேய்வு பற்றிப் பேசுவார். அடுத்த மாதம் எல்லோரும் சேர்ந்து காட்டுப் பாதையில் நடை. அதற்கடுத்த மாதம் கைவேலை. பிறகொரு மாதம் பிள்ளைகளின் முகாமுக்குப் போய்ச் சமையலுக்கு உதவி. ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 22இல் உலகச் சாரணியர் சிந்தனை நாள். பேடன் பவலும் அவர் மனைவி ஒலேவும் பிறந்தது அதே திகதியில்தான். 1926இல் அமெரிக்காவில் நடந்த சாரணியர் மாநாட்டில், மற்ற நாட்டுச் சகோதரிகளை நினைப்பதற்காக அந்த நாள் தெரிவு செய்யப்பட்டது.

கூட்டம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டாது. தேநீர் தயாரிப்பது யார், பிஸ்கட் கொண்டுவருவது யார் என்று முன்கூட்டியே பட்டியல் இருக்கும். ஒரு தலைவி, ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். சில வருடங்களுக்கு ஒரு முறை பொறுப்பு கைமாறும். சிறிய வருடச் சந்தா. வரவு செலவை ஆண்டுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியே ஆக வேண்டும். நடந்ததையெல்லாம் படத்தோடு ஒட்டி எழுதி வைக்கும் பெரிய புத்தகமும் பல சங்கங்களில் உண்டு.

வயதானவர்கள் கூடிப் பழங்கதை பேசும் இடம் என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாக ஒன்றைப் பழகுவதற்கு அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள் வைத்திருக்கிறார்கள். கணினி பழகலாம், வரைதல் பழகலாம், இதுவரை நடக்காத தூரம் நடக்கலாம். எதை எடுத்துக்கொள்வது என்று அவரவரே தீர்மானிக்க வேண்டும். எழுபது வயதில் ஒரு பெண் ‘எனக்கு இது தெரியாது, பழகப்போகிறேன்’ என்று சொல்வதற்கு ஓர் இடம் இருப்பது சின்ன விஷயமல்ல. நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணிடம் “உம்மா, நீங்கள் பேசாமல் ஓர் ஓரத்தில் இருங்களேன்” என்றுதானே சொல்கிறோம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சி அட்டையில் அது இராது. இருபது பேர் கூடும் இடத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். “மார்கரட் ஏன் வரவில்லை?” என்று ஒருத்தி கேட்பாள். பக்கத்து வீதியில் இருப்பவள் போகும் வழியில் எட்டிப் பார்ப்பாள். வழுக்கி விழுந்து கால் வீங்கிப் படுத்திருப்பாள் மார்கரட். யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். அடுத்த வாரம் ஒருத்தி சூப் கொண்டுபோவாள், இன்னொருத்தி மருந்து வாங்கிக் கொடுப்பாள், மூன்றாமவள் அடுத்த கூட்டத்துக்குத் தன் காரில் ஏற்றி வருவாள். மார்கரட் என்பது ஒரு பேச்சுக்குச் சொன்ன பெயர். ஒழுங்காகக் கூடும் எந்தக் கூட்டத்திலும் நடக்கிற விஷயம் இது.

2020இல் கொவிட் வந்து கூட்டங்கள் எல்லாம் நின்றபோது, தொலைபேசியும் கணினித் திரையும் அந்தக் கதிரையின் இடத்தைப் பிடித்தன. சாரணியத்துக்கு இது புதிதல்ல. அணி எதுவும் இல்லாத தூரக் கிராமங்களிலிருந்த பிள்ளைகளைத் ‘தனிச் சாரணியர்’ என்று சேர்த்து, தபாலில் கடிதம் சுற்றவிட்டே அணி நடத்தியவர்கள் அவர்கள். வர முடியாதவளை விட்டுவிடுவதில்லை என்ற பழக்கம் அன்றே வந்துவிட்டது.

இது எவ்வளவு பெரிய தேவை என்பதற்கு ஒரு செய்தி போதும். 2018இல் பிரித்தானிய அரசாங்கம், தனிமையில் வாடுவோரின் பிரச்சினையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அத்தனை செல்வமும் வசதியும் உள்ள ஒரு நாடு, பேசுவதற்கு ஆளில்லாமல் இருப்பதை ஒரு நோயாகக் கண்டது. ட்ரெஃபொயில் பெண்கள் அதற்கு எழுபத்தைந்து வருடத்துக்கு முன்பே மருந்தைக் கையில் வைத்திருந்தார்கள்.

குறைகளும் இல்லாமலில்லை

புகழ்ந்துகொண்டே போனால் முழு உண்மையைச் சொன்னதாகாது. ஊர்ச் சங்கங்கள் சில மூடப்படுவதும் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தலைவியாகவோ செயலாளராகவோ இருக்க யாரும் முன்வருவதில்லை. வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்க இருபது பேர் இருப்பார்கள். கடிதம் எழுதவும் மண்டபத்தின் சாவியை வாங்கி வரவும் ஒருத்தி கிடைக்கமாட்டாள். நம் ஊர்ச் சங்கங்களின் கதையும் இதுதானே! இளம் பெண்கள் சேருவதும் அங்கே குறைவு. வேலை, பிள்ளைகள், நேரமின்மை.

இன்னொன்றும் நடந்தது. 2013 செப்டம்பரில் பிரித்தானியச் சாரணியர் தம் வாக்குறுதியின் வாசகத்தை மாற்றினார்கள். அதிலிருந்து இறைவனைப் பற்றிய சொல் எடுக்கப்பட்டது. ‘எனக்கு நான் உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன்’ என்ற கருத்து அதன் இடத்தில் வைக்கப்பட்டது. எந்த நம்பிக்கையும் இல்லாத பிள்ளைகளும் சேர வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அங்கே இது பெரிய வாதப் பிரதிவாதத்தைக் கிளப்பியது. இறைவனின் பெயரால் வாக்களித்துப் பல பத்து வருடங்கள் அதைக் காத்தவர்களுக்கு அது இலேசான விஷயமாக இருந்திராது. அது அவர்கள் நாட்டு விஷயம். நமக்கோ மூவிலையின் முதல் இலை வாடினால் மற்ற இரண்டும் நிற்காது. பிறருக்குச் செய்யும் உதவியும் அல்லாஹ்வுக்காக என்ற நிய்யத்தில்தான் நமக்கு அமலாகிறது.

பள்ளிவாசலைக் கூட்டிய பெண்

வராதவளைத் தேடும் பழக்கத்தை நாம் வெளியாரிடம் போய்ப் படிக்க வேண்டியதில்லை. நம்மிடம் இருந்ததைத்தான் நாம் மறந்திருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்யும் கறுப்பினப் பெண் ஒருவர் இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. அவர் எங்கே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். அவருடைய விஷயத்தை அவர்கள் பெரிதாக எண்ணியிருக்கவில்லை; ஆகவே அறிவிக்கவுமில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்ட நபியவர்கள், அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள சம்பவம் இது.

ஓர் அரசின் தலைவராக, ஓர் உம்மத்தின் வழிகாட்டியாக இருந்தவர்களுக்கு எத்தனை வேலைகள் இருந்திருக்கும்! அப்படியிருந்தும் விளக்குமாறு பிடித்த ஒரு பெண் வராததைக் கவனித்தார்கள். நம் தெருவில் எந்தப் பெண் ஒரு மாதமாக வெளியே வரவில்லை என்பது நமக்குத் தெரியுமா?

பெண்கள் கூடுவதும் நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல. ஆண்களே எப்போதும் தங்களைச் சூழ்ந்திருக்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று ஸஹாபிப் பெண்கள் நபியவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அந்த நாளில் வந்து போதித்தார்கள். உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் கலந்துகொண்டு, சமைத்துக் கொடுத்து, காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர்கள். சாரணியப் பிள்ளை இன்று பழகும் முதலுதவியை அன்று அவர்கள் போர்க்களத்தில் செய்திருக்கிறார்கள்.

எது ஆகும், எது ஆகாது

அவர்கள் செய்யும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நிதி சேர்ப்பதற்கு அங்கே ‘ராஃபிள்’ என்ற அதிர்ஷ்டச் சீட்டு இழுப்பு சர்வசாதாரணம். அது சூது, நமக்கு ஆகாது. அதற்குப் பதில் வட்டிலப்பமும் ரோல்ஸும் செய்து விற்றால் பணமும் சேரும், பரக்கத்தும் இருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றிச் செய்யும் சடங்குகள் சில உண்டு. அவையும் நமக்குத் தேவையில்லை. சாரணியர் இடக் கையால் கைலாகு கொடுப்பார்கள். நமக்கு ஸலாமும் முஸாபஹாவும் இருக்கின்றன.

எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. மாறாத ஒரு நாள். முன்கூட்டிய நிகழ்ச்சி. சிறிய சந்தா, சுத்தமான கணக்கு. பொறுப்பு கைமாறுதல். வயது வித்தியாசம் பாராமை. இளைய தலைமுறைக்கு ஒரு கை கொடுத்தல். வெறுமையான கதிரையைக் கவனித்தல்.

தொடங்குவது எப்படி?

பழைய மாணவிகள் சங்கம் உங்கள் பாடசாலையில் இருக்கக்கூடும். அது வருடத்துக்கொரு முறை கூடிப் பாடசாலைக்குப் பணம் சேர்க்கும். நல்ல காரியம்தான். ஆனால் நாம் சொல்வது அதுவல்ல. ஐந்து பேர் போதும். ஒரே அணியில் இருந்தவர்களானால் சிறப்பு. இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ட்ரெஃபொயில் சங்கத்திலேயே, சிறு வயதில் சாரணியராக இருக்காதவர்களும் இன்று சேரலாம்.

நாளைத் தெரிவு செய்யும்போது வீட்டு நிலைமையை யோசியுங்கள். பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்கோ டியூஷனுக்கோ போயிருக்கும் நேரம் உங்கள் ஊரில் எது? லுஹருக்கும் அஸருக்கும் இடையிலா, அஸருக்குப் பின்னா? மஃரிபுக்கு முன் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். கணவரிடமும் மாமியிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். முதல் கூட்டத்தை மாமியார் ஒருவரின் வீட்டில் வைத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். மாமியும் அங்கத்தவராகிவிடுவார்!

சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும். ஒரு தேநீர், ஒரு சிற்றுண்டி. அதற்கு மேல் கூடாது என்று முதல் நாளே முடிவெடுங்கள். இல்லாவிட்டால் முதல் மாதம் சம்சா, இரண்டாம் மாதம் புரியாணி, மூன்றாம் மாதம் ஸஹன் என்று போய், நான்காம் மாதம் வசதி குறைந்த சகோதரி தன் முறை வரும் முன்பே நின்றுவிடுவாள். உடுப்பிலும் நகையிலும் அப்படித்தான்.

புறம் பேசுதல் பெண்கள் கூடும் இடத்துக்கு மட்டும் உரிய நோயல்ல. ஆண்களின் தேநீர்க் கடையிலும் அது தாராளமாக உண்டு. ஆனாலும் கையில் ஒரு வேலை இருந்தால் நாவுக்கு வேலை குறையும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு விஷயம் இருக்கட்டும். ஒரு மாதம் குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தரை அழைத்து நீரிழிவு பற்றிக் கேளுங்கள். ஒரு மாதம் தஃப்ஸீர். ஒரு மாதம் மௌலவியா ஒருவரிடம் வாரிசுரிமைச் சட்டம். ஒரு மாதம் தையல். ஒரு மாதம் தெருவில் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களைத் தேடித் துப்புரவு.

பணம் அமானிதம். பத்து ரூபாவானாலும் கொப்பியில் எழுதி, எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள். வட்ஸ்அப் குழு இருக்கிறதே, கூட்டம் எதற்கு என்று இளம் சகோதரிகள் கேட்கலாம். குழுவில் ஒருத்தி பேசாமலிருந்தால் வேலையாக இருக்கிறாள் என்று நினைப்போம், அழுதுகொண்டிருப்பது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் முகம் தெரியும்.

மூன்று கதவுகள்

கூடித் தேநீர் குடிப்பதோடு நின்றுவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. ஊருக்குப் பயன்பட வேண்டும் என்று அந்தப் பெண்கள் தம் நோக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் பெண்களின் கை படுவதற்காகக் காத்திருக்கும் கதவுகள் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இத்தா இருக்கும் பெண்ணின் கதவு. கணவர் மௌத்தான முதல் மூன்று நாளும் வீடு நிரம்பி வழியும். பிறகு ஆட்கள் குறைவார்கள். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டிலேயே இருக்கிறாள். இரண்டாம் மாதத்தில் யார் வருகிறார்கள்? மூன்றாம் மாதத்தில்? மின்சாரக் கட்டணம் யார் கட்டினார்கள், கணவரின் ஓய்வூதியத்துக்கான படிவத்தை யார் நிரப்பினார்கள், இரவில் அவளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒருவர் வேண்டும். ஐந்து பேர் வாரத்துக்கு ஒருவராகப் போனால் அந்தப் பதினெட்டு வாரமும் கடந்துவிடும்.

இரண்டாவது, மையித்து வீட்டின் கதவு. பெண் மையித்தை முறைப்படி குளிப்பாட்டிக் கபனிடத் தெரிந்தவர்கள் பல ஊர்களில் இரண்டு மூன்று வயதான தாய்மார்தான். அவர்களுக்கும் முடியாமல் போனால் என்ன செய்வோம்? சிறு வயதில் முதலுதவி பழகி, இரத்தத்தைக் கண்டு பயப்படாமல் நின்ற கைகள் இவை. இதையும் பழகிக்கொள்ளலாம். அந்தத் தாய்மார் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பழகிவிட வேண்டும்.

மூன்றாவது, பாடசாலையின் கதவு. சாரணியர் அணி தொடங்க விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நேரமுள்ள ஆசிரியை இல்லை. இருக்கும் அணிகளிலும் முடிச்சைச் சோதிக்க, முதலுதவி சொல்லிக் கொடுக்க, முகாமில் இரவு பிள்ளைகளோடு துணையிருக்க ஆள் தேவை. பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்பப் பயப்படும் உம்மாமார், தமக்குத் தெரிந்த இரண்டு மூன்று பெண்கள் கூடவே தங்குகிறார்கள் என்றால் மனமிரங்கிச் சம்மதிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு அந்த ஓர் இரவு கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் நீங்கள் அங்கே இருப்பதைப் பொறுத்தது.

நம் பெண்களுக்குச் சேவை புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சகோதரர்கள் கைப்பையுடன் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோதும், 2004 டிசம்பரில் கடல் பொங்கிக் கிழக்குக் கரையை அழித்தபோதும் எத்தனை வீடுகளின் அடுப்புகள் பிறருக்காக எரிந்தன! ஆனால் அழிவு வரும்போது ஒன்று சேர்கிறோம். அது தணிந்ததும் கலைந்துவிடுகிறோம். அழிவில்லாத சாதாரண நாளிலும் சேர்ந்திருக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. சாதாரண நாளில் சேர்ந்திருப்பவர்களுக்கு, சோதனை வரும் நாளில் யாருக்கு என்ன தெரியும் என்று தேடித் திரிய வேண்டியிராது.

2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். அதன் பிறகு அந்தத் தொகை இன்னும் கூடித்தான் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் எத்தனை வீடுகளிலிருந்து மகனும் மருமகளும் வெளிநாடு போனார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். மாதாமாதம் பணம் வருகிறது. வெள்ளிக்கிழமை திரையில் பேரப்பிள்ளையின் முகமும் வருகிறது. ஆனால் வியாழன் மாலை அந்த வீட்டின் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தால், அதை அறிவதற்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த மாதம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்களோடு அன்று வரிசையில் நின்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். எதிரே எதையும் எழுத முடியாமற் போகும் பெயர் ஒன்று இருக்கும். முதலில் அவளைத் தேடுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் நன்மையில் ஒருவருக்கொருவர் துணையாக்கி வைப்பானாக. இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.